முதுகு பாக்கி

என்னை யாராவது கம்பவுண்டர் என்று கூப்பிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் முறையாக இரண்டு வருடம் படித்துத் தேறிய பார்மசிஸ்ட். சர்ட்டிபிகேட் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஆனால் நான் வேலை பார்த்த ஜெயிலில் சூப்பிரண்டு முதல் கைதி வரைக்கும் எல்லோருக்கும் நான் கம்பவுண்டர்தான். வீட்டிலும் அதே கதை. ஏதாவது வாக்குவாதம் என்றால் என் மனைவி சமையலறைக்குள் இருந்தபடி, "கம்பவுண்டர் சாருக்குக் கோவம் வந்துடுச்சு" என்பாள். பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்வாள்.

வீடு சிதம்பரத்தில், தெற்கு வீதியை ஒட்டிய சந்தில். வேலை கடலூர்ப் பக்கம். எந்த ஜெயில் என்று சொல்லப் போவதில்லை. நான் எழுத உட்கார்ந்தது என்னுடைய தப்பை; அதற்கு ஜெயிலின் பெயர் எதற்கு? 2007 வாக்கில் நடந்தது இது. காலையில் விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறினால், மதியம் இரண்டு மணிக்கு டூட்டி முடியும். இரண்டு இருபதுக்குச் சிதம்பரம் பஸ். அந்த பஸ்ஸில் எங்களுக்கென்று ஒரு செட் உண்டு. பத்திர ஆபீஸ் கிளார்க் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர், நான். ஆலப்பாக்கம் வரைக்கும் அரசியல் பேசுவோம். புதுச்சத்திரம் வரைக்கும் அவரவர் மேலதிகாரியைத் திட்டுவோம். பி.முட்லூர் வந்துவிட்டால் உடம்பைப் பற்றிய பேச்சு. கிளார்க்குக்கு சுகர், வாத்தியாருக்கு மூட்டு, எனக்குக் கழுத்து. நான் கழுத்தை எடுத்தால் லேசில் கீழே வைக்க மாட்டேன். ஏஜென்ட் மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வார்: "மச்சான், இன்னிக்கு உன் கழுத்து எத்தன ஸ்டாப்பிங் வரைக்கும்?"

இதை ஏன் விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், பேச ஆளில்லாமல் அரை நாள்கூட என்னால் இருக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அந்த பஸ்ஸை விட்டுவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட ஆளிடம்தான் தனி செல்லுக்குத் தினமும் போய்ப் பார்த்து எழுதும் வேலை வந்து சேர்ந்தது.

ஜெயிலின் பின்பக்கம் வரிசையாக எட்டு அறைகள். கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் விரலில் படும். கோர்ட்டு தீர்ப்பில் எழுதித் தருகிற தனிமைச் சிறை என்பது வேறு, அதற்கு நாள் கணக்கு உண்டு. இங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் உள்ளே அடிதடி செய்தவர்கள், அல்லது அடிபடப் போகிறவர்கள். பாதுகாப்புக்காகத் தனியாக வைத்திருக்கிறோம் என்று காகிதத்தில் இருக்கும். தனியாக இருப்பவரை மருத்துவப் பிரிவில் இருந்து ஒருவர் தினமும் பார்க்க வேண்டும் என்பது விதி. டாக்டரம்மா வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார்கள், திங்களும் வியாழனும். ஆகவே தினசரி தரிசனம் என்னுடையது. ஒரு ரிஜிஸ்டர் உண்டு. தேதி, புகார், கொடுத்த மருந்து, நிலைமை, கடைசியில் என் சுருக்கொப்பம். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் டாக்டரம்மா அதைப் பார்த்து, "தனி செல்லில் இருக்கத் தகுதி" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அதை வைத்து இன்னொரு பதினைந்து நாள்.

அந்த வருடம் எட்டு அறையில் ஒன்றில்தான் ஆள் இருந்தான். பண்ருட்டிப் பக்கத்துக்காரன், நாற்பத்தைந்து வயது இருக்கும். பாகத் தகராறில் பங்காளியை வெட்டிவிட்டு ஆயுள் தண்டனையில் வந்தவன். சாப்பாட்டு வரிசையில் எவனோ வீட்டுப் பெண்களைப் பற்றி ஏதோ சொல்ல, அலுமினியத் தட்டால் அவன் மூக்கை உடைத்துவிட்டான். மூக்கு உடைந்தவனுக்கு உள்ளே ஆட்கள் ஜாஸ்தி. அதனால் இவனைக் கொண்டுவந்து பின்னால் வைத்தார்கள். பத்து நாளைக்கு என்றுதான் வைத்தார்கள். அது மூன்று மாதம் ஆகியிருந்தது.

முதல் நாள் தலைவலி என்றான். வெள்ளை மாத்திரை கொடுத்தேன். மறுநாள் காது. அதற்கடுத்த நாள் முழங்கை. பிறகு கணுக்கால். என்னிடம் அந்த பிளாக்குக்கு எடுத்துப் போக மூன்றே மாத்திரைதான் உண்டு. காய்ச்சலுக்கும் வலிக்கும் வெள்ளை, வயிற்றுப் புளிப்புக்கு ரோஸ், மற்ற எல்லாவற்றுக்கும் மஞ்சள் கலரில் பி காம்ப்ளெக்ஸ். அவன் கேட்டது மாத்திரையை இல்லை என்பது எனக்குப் புரியவே ஒரு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு வலிக்கும் அவன் ஒரு கதை வைத்திருந்தான். கணுக்கால் என்றால் எந்த வரப்பில், எந்தப் போகத்தில், யார் வீட்டு மாடு துரத்தி மடங்கியது என்பது வரைக்கும் வரும். மாட்டின் சுபாவமும் வரும். பாரா வார்டர் ஸ்டூலில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார். நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கடிகாரத்தைப் பார்ப்பேன்.

ஒரு நாள் நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். "யோவ், உன் உடம்புல இன்னும் எத்தன பாகம்யா பாக்கி இருக்கு?"

அவன் நிஜமாகவே மேலிருந்து கீழே யோசித்தான். "முதுகு பாக்கி சார்."

"அத நாளைக்கு வெச்சிருக்கியா?"

"இல்ல சார். முதுகு பெரிய கத. அவசரத்துல சொல்ற கத இல்ல. உங்களுக்கு பஸ்ஸு இல்லாத அன்னிக்கு சொல்றேன்."

அதற்குப் பிறகு அது எங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டாகிவிட்டது. நான் போனதும், "என்னய்யா, முதுகு இன்னிக்கா?" என்பேன். "பஸ்ஸு இருக்கா சார்?" என்பான். இருக்கிறது என்பேன். "அப்பன்னா இன்னிக்கு கட்ட வெரல்" என்பான்.

வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. "அந்த மனுசனுக்கு வலி ஒண்ணும் இல்ல, பேச ஆளு இல்ல. இது தெரிய ரெண்டு வருசம் படிக்கணுமா?" என்றாள். அப்புறம், "நீங்க கழுத்த வெச்சி பஸ்ஸுல பண்றதத்தான அவுரு அங்க பண்றாரு" என்றும் சேர்த்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. என் கழுத்து நிஜமான கழுத்து. எக்ஸ்ரே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் என் புத்தி கெட்டது. ஒரு நாள் அவன் காதை இரண்டாம் தடவையாக எடுத்தான். முந்திரித் தோப்பில் படுத்திருந்தபோது காதுக்குள் பூச்சி போய், யாரோ தேங்காய் எண்ணெய் ஊற்றி, அது வெளியே வராமல், இன்னொருவர் உப்புத்தண்ணீர் ஊற்றி, அப்படியே நீண்டது. பூச்சி வெளியே வருவதற்குள் என் இரண்டு இருபது போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் கூட்டம். கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் நின்றுகொண்டே, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல், கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் போனதும் அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் திறந்துவிட்டேன். "இங்க பாரு, எனக்கும் வேல இருக்கு. நெசமா வலிச்சா மட்டும் சொல்லு. சும்மா சும்மா எடம் மாத்தி சொல்லிட்டு இருந்தா, நாளைக்கு நெசமா வரும்போது நான் நம்ப மாட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். "செரிங்க சார்" என்றான்.

மறுநாள், "என்னய்யா?" என்றேன். "ஒண்ணுமில்ல சார்" என்றான். அதற்கு மறுநாளும் ஒண்ணுமில்ல சார். எனக்கு ஒரே சந்தோஷம். 'புகார் இல்லை. மருந்து இல்லை. நலம்' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட அரை நிமிடம் ஆகும். வார்டரும், "ஆளு திருந்திட்டான் சார், ஒரு சத்தம் இல்ல" என்றார். நான் ஒன்றரைக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, பஸ்ஸில் ஜன்னலோரம் துண்டு போட்டுவிட்டு டீ குடிக்க ஆரம்பித்தேன். ஏஜென்ட் கேட்டார், "என்ன மச்சான், ஜெயில்ல எல்லாரும் ரிலீஸ் ஆயிட்டாங்களா?"

எங்களிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் செய்தார், நானும் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய வரியைச் சனிக்கிழமையே எழுதிவிடுவோம். ஞாயிறு ஒரு நாளைக்காகச் சிதம்பரத்திலிருந்து யார் வருவது? அந்தச் சனிக்கிழமையும் இரண்டு நலம் எழுதினேன், ஒன்று அன்றைக்கு, ஒன்று வராத நாளைக்கு.

திங்கட்கிழமை காலை. டாக்டரம்மா வருகிற நாள். பதினைந்து நாள் கையெழுத்தும் அன்றைக்குத்தான். காகிதத்தை டைப் அடித்துத் தயாராக வைத்துவிட்டு, அவர்கள் வருவதற்குள் பார்த்துவிட்டு வரலாம் என்று பின்னால் போனேன். அவன் சுவரைப் பார்த்து நின்றிருந்தான். "என்னய்யா?" என்றேன். "ஒண்ணுமில்ல சார்." எழுதிவிட்டுத் திரும்பி நடந்தேன். பேனாவை ஜன்னல் விளிம்பிலேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்து மறுபடி போனேன். என் செருப்புச் சத்தம் கேட்டதும் அவன் சுவரைப் பார்த்தபடியே, "ஒண்ணுமில்ல சார்" என்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை. வார்டர் தண்ணீர் வாளியை நகர்த்தினார். அதற்கும் "ஒண்ணுமில்ல சார்" என்றான்.

வார்டர் சிரித்தார். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் பேசுகிற தோரணையிலேயே கேட்டேன். "என்னய்யா, முதுகு பாக்கி வெச்சிருந்தியே, என்னாச்சு?"

அவன் மெல்லத் திரும்பினான். என் முகத்தைப் பார்த்தான், யாரென்று தெரியாத மாதிரி. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. பன்னிரண்டு நாளாக நான் பார்த்த அதே முகம்தான். பார்த்தேன் என்று எழுதினேனே தவிர, பார்க்கவில்லை.

"எந்த முதுகு சார்?" என்றான்.

அவன் விளையாடவில்லை. இத்தனை நாளாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த கதையை அவன் எங்கேயோ தொலைத்துவிட்டான். சாப்பாடு எப்படி என்று வார்டரைக் கேட்டேன். "தட்டு அப்பிடியேதான் சார் வருது, காக்காய்க்கு போடுறேன்" என்றார். எத்தனை நாளாக என்றேன். அவர் விரல் விட்டு எண்ணி, "ஒரு பத்து நாளு இருக்கும்" என்றார்.

டாக்டரம்மா வந்தார்கள். என்னைவிட பத்து வயது சின்னவர்கள், ஆனால் அவர்கள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். டைப் அடித்த காகிதத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்கள். "மேடம், அதுல போடாதீங்க" என்றேன். அந்த ஆள் சரியில்லை என்றேன்.

அவர்கள் ரிஜிஸ்டரைப் புரட்டினார்கள். "இன்னிக்கு வரைக்கும் நலம்னு நீங்கதான எழுதியிருக்கீங்க?"

"ஆமா மேடம்."

"நேத்து ஞாயித்துக்கிழம. நீங்க வந்தீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப நேத்து யாரு நலமா இருந்தது?"

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. "எல்லாம் தப்பு மேடம். பன்னெண்டு நாளும் தப்பு. அவன் அங்க வலிக்குது இங்க வலிக்குதுன்னு சொன்னான் பாருங்க, அப்பதான் நல்லா இருந்தான். நான்தான் சொல்லாதன்னு வாய அடச்சேன்" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். யார்மேல் கோபம் என்று அவர்கள் கேட்கவில்லை.

அவர்களே பின்னால் வந்து அவன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். என்ன கிழமை, பிள்ளைகள் எத்தனை, எப்போது சாப்பிட்டாய், எல்லாவற்றுக்கும் அவன், "ஒண்ணுமில்ல மேடம்" என்றான். டாக்டரம்மா அங்கேயே மடியில் வைத்து எழுதினார்கள். தனியாக வைக்கக் கூடாது, மனநல டாக்டரிடம் காட்ட வேண்டும், அதுவரை ஜெயில் ஆஸ்பத்திரி வார்டில் மற்றவர்களோடு இருக்கட்டும். சாயங்காலத்துக்குள் மாற்றிவிட்டார்கள். எனக்கு ஒரு மெமோ வந்தது. அதற்கான விளக்கத்தையாவது அன்றைய தேதியிலேயே எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். அன்றைக்கு அவள் என்னைக் கம்பவுண்டர் என்று கூப்பிடவில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

வார்டில் ஆறு கட்டில். நடுக் கட்டில் அவனுக்கு. பக்கத்தில் ஆஸ்துமாக்காரப் பெரியவர் ஒருவர், கையில் கட்டுப் போட்ட ஒருவன். மனநல டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மாத்திர பாதி வேலதான் செய்யும். மீதிய ஆளுங்க செய்யணும். யாராச்சும் இவர்கிட்ட பேசிக்கிட்டே இருங்க. பதில் வரலன்னாலும் பரவால்ல." அறையில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாயாடுவதில் என் தகுதியைப் பற்றி அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை.

டூட்டி முடிந்ததும் அவன் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார ஆரம்பித்தேன். என்ன பேசுவது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் கழுத்தை எடுத்தேன். முதன்முதலில் எந்த வருடம் பிடித்தது, எந்த டாக்டர் என்ன சொன்னார், எக்ஸ்ரேயில் எந்த எலும்பு எப்படி இருந்தது. மறுநாள் தோள்பட்டை. அப்புறம் நெஞ்செரிச்சல். அவன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். இரண்டு இருபது தினமும் எனக்காக நிற்காமல் போயிற்று. நான்காவது வாரம் மறுபடியும் கழுத்துக்கு வந்தேன். ஆஸ்துமாக்காரப் பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "சார், அவன் பாவம் சார். ஏற்கெனவே ஒடம்பு செரியில்லாதவன்" என்றார்.

கட்டுப் போட்டவன் சிரித்துவிட்டான். நான் முறைத்தேன். அப்போது நடுக் கட்டிலிலிருந்து ஒரு கம்மிய குரல் வந்தது.

"கம்பவுண்டர் சாருக்கு பி காம்ப்ளெக்ஸ் போதும்."

அவன்தான். உத்தரத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து வெளியே குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். அழுதேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அந்த ஜெயிலில் என்னைக் கம்பவுண்டர் என்று ஒருவன் கூப்பிட்டு எனக்குக் கோபம் வராத நாள் அது ஒன்றுதான்.

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டான். பெரியவருக்கு வெந்நீர் பிடித்துக் கொடுத்தான். நான் மறுபடியும் பஸ்ஸுக்குக் கிளம்ப ஆரம்பித்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் பையை எடுத்துத் தோளில் மாட்டும்போது பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"சார், முதுகு வலிக்குது."

நான் பையைக் கழற்றி வைத்தேன்.

ஒரு மணி நேரம் சொன்னான். பண்ருட்டி மண்டியில் பத்தொன்பது வயதில் லாரிக்குப் பலாப்பழம் ஏற்றுகிற வேலை. கழன்ற செருப்பை எடுக்கக் குனிந்த நேரத்தில், மேலே நின்றவன் கையிலிருந்து ஒரு பழம் நழுவி நேராக இவன் முதுகில் விழுந்தது. ஒரு மாதம் படுக்கை. நழுவவிட்டவன் பயந்துபோய்த் தினமும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தான். அவனுக்கு வேலை இருக்கிற நாளில் அவன் தங்கச்சி கொண்டுவந்தாள். அப்புறம் அவள் மட்டுமே கொண்டுவந்தாள். பழத்தை நழுவவிட்டவன் மச்சான் ஆனான். அவ்வளவுதான் கதை.

"இதுக்காய்யா பஸ்ஸு இல்லாத நாளு கேட்ட?" என்றேன்.

"பழம் வுழுற வரைக்கும்தான் சார் சின்ன கத. கஞ்சி வந்ததுக்கப்புறம் சீக்கிரம் சொல்ல மனசு வராது" என்றான்.

பெரியவரும் கட்டுப் போட்டவனும்கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே எழுந்தேன். மூன்று ஐந்துக்கு ஒரு பஸ் இருக்கிறது, ஓடினால் பிடித்துவிடலாம். கிளம்புகிறபோதுதான், ரொம்ப நாளாக மனதில் உறுத்திக்கொண்டிருந்ததை, சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"அந்த பன்னெண்டு நாளும் ஏன்யா ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொன்ன? வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் பாத்திருப்பேன்ல?"

அவன் குறை சொல்கிற மாதிரி சொல்லவில்லை. எனக்கு விளக்கிச் சொன்னான்.

"நீங்கதான சார் நெசமா வலிச்சா மட்டும் சொல்லச் சொன்னீங்க. நெசமாதான் சார் வலிச்சுது. எங்க வலிக்குதுன்னு தேடித் தேடிப் பாத்தேன். எடம்தான் தெரியல. எடம் சொல்லாம எப்பிடி சார் உங்ககிட்ட மாத்திர கேக்குறது?"

நான் பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். மூன்று ஐந்தும் போயிற்று.